சபுராம்மாவின் இடது கை

எலும்பு மூட்டு அறுவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் நன்றாகச் செய்த அறுவைகளைப் பற்றி எழுதினால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். எழுத உட்கார்ந்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. அதனால் ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அது தப்பு என்று எந்தச் சோதனையிலும் தெரிந்திருக்காது. எலும்பு ஒட்டியது, புண் ஆறியது, வலி போனது. பார்த்த டாக்டர்கள் கை கொடுத்தார்கள். நானும் சில மாதம் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

அப்போது நான் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பது படுக்கை உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். செவ்வாய், வெள்ளி மாலைகளில் சிதம்பரத்தில் ஒரு கிளினிக். சிதம்பரத்தில் பார்ப்பது, கத்தி வைக்க வேண்டும் என்றால் கடலூருக்கு வரச் சொல்வது, இதுதான் ஏற்பாடு. முடக்குவாதக்காரர்கள் நிறைய வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். பத்து வருடம் கண்ட எண்ணெயையும் தேய்த்துப் பார்த்துவிட்டு, மூட்டுகள் கோணிக்கொண்ட பிறகு வருவார்கள். இன்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் புது ஊசிகள் எல்லாம் அன்றைக்கு எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எட்டாத உயரம். பழைய மாத்திரைகளும் ஸ்டீராய்டும் கைவிட்டால் கத்திதான்.

சபுராம்மா வந்தது சுனாமிக்கு அடுத்த வருடம். ஊர் பரங்கிப்பேட்டை, நாற்பத்தெட்டு வயது. கணவர் மலேசியாவில் இருந்தார். வீட்டில் கல்யாண வயதில் இருக்கும் மகள் ஜெய்னபு மட்டும். பதினான்கு வருடத்து நோய். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. முழங்கைகள் முழுதாக நீளவில்லை. தோள்கள் இரண்டும் பின்பக்கம் போகவில்லை. இதை எல்லாம் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அவரை அழவைத்துக்கொண்டிருந்தது மணிக்கட்டுகள். இடது மணிக்கட்டு ரொம்ப மோசம். பால் டம்ளரைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லை.

அந்த மாதிரி மணிக்கட்டுக்கு நாம் செய்வது உங்களுக்குத் தெரியும். கெட்டுப்போன மூட்டை எடுத்துவிட்டு, கையெலும்பையும் முன்கையெலும்பையும் ஒரே எலும்பாக ஒட்டவைத்துவிடுகிறோம். மூட்டு இல்லையென்றால் மூட்டுவலியும் இல்லை. அதன் பிறகு மணிக்கட்டு மடங்காது, ஆனால் கை நன்றாகப் பிடிக்கும். எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்பதுதான் கேள்வி. டம்ளரை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு லேசாகப் புறங்கைப் பக்கம் சாயுமே, அந்தக் கோணத்தில் ஒட்டு என்றது புத்தகம். அதில்தான் பிடி வலுவாக இருக்கும். இரண்டு கையும் கெட்டிருந்தால் ஒரு கையின் கோணத்தைப் பற்றி வேறு மாதிரி யோசி என்றும் அதே புத்தகத்தில், பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

அறுவைக்கு முன்னால் சபுராம்மா கேட்டார்.

"கை எப்படி நிக்கும் டாக்டர்?"

என் கையை வைத்துக் காட்டினேன். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இப்படியேதான் இருக்குமா? மடங்கவே மடங்காதா?"

"மடங்காதும்மா. வலியும் இருக்காது."

ஏதோ கேட்க வந்தார். கேட்கவில்லை. "சரி" என்றார். வெளியே பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேட்க வந்தது என்னவென்று நானும் கேட்கவில்லை. அரை நிமிடம் காத்திருந்தால் போதும், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அறுவை கச்சிதமாக நடந்தது. மூன்றாம் மாதம் பிளாஸ்டரைப் பிரித்தபோது சபுராம்மா ஒரு செம்புத் தண்ணீரை இடது கையால் தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஜெய்னபு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிதம்பரத்தில் டாக்டர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அந்தக் கையின் படங்களைப் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள், சமோசா கொடுத்தார்கள். பஸ்ஸில் கடலூர் திரும்பும் வழியெல்லாம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஏழாம் மாதம் வந்தபோது ஆளே பாதியாகியிருந்தார். உதடு வெடித்துப் போயிருந்தது. இரண்டு தடவை சிறுநீரில் கிருமி வந்து உள்ளூரில் ஊசி போட்டிருக்கிறார்கள். ஜெய்னபுதான் பேசினாள்.

"உம்மா நோன்பு புடிக்கிறாங்க டாக்டர். மொதல்ல திங்களும் வியாழனும்தான். இப்ப எல்லா நாளும் புடிக்கிறாங்க. நோன்பு தொறந்தாக்கூட சரியா தின்ன மாட்டேங்குறாங்க. ஆனா தொழுகைய உட்டுட்டாங்க. நோன்பு வெக்கிறவங்க எப்படித் தொழாம இருப்பாங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அந்தப் பெண் முக்கால்வாசிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நான் அதைக் குடும்பப் பேச்சு என்று ஒதுக்கினேன். கை மடங்காமல் தரையில் ஊன்ற முடியவில்லை போலிருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து தொழச் சொல்லு என்று ஏதோ மார்க்கம் படித்தவன் மாதிரி பதில் வேறு சொன்னேன். சபுராம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்ததற்குக் காரணம் வாரம் ஒரு முறை சாப்பிடும் முடக்குவாத மாத்திரைதான் என்று முடிவுகட்டி, அதை நிறுத்தினேன்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மாதத்தில் வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கிவிட்டது. அதையும் ஒட்டிவிடலாம் என்றேன். சபுராம்மா பயந்துபோய்த் தலையை ஆட்டினார்.

"இந்தக் கையும் அந்த மாதிரி ஆயிட்டா நான் என்னா பண்றது டாக்டர்?"

"அந்தக் கைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு. வலி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? வலியோடதான் இருப்பேன்னா இருங்க."

எரிச்சலில் சொன்னேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்து அவரைப் பார்த்தது கடலூரில், குளிர் காய்ச்சலோடு. சிறுநீர்க் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் தடுமாறிக்கொண்டிருந்தது. பொது மருத்துவர் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று காலை வார்டு ரவுண்டை முடித்துவிட்டு வெளியே வரும்போது தனம் வழிமறித்தார்.

தனம் எங்கள் வார்டு ஆயா. நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவர்தான். அந்த ஆஸ்பத்திரியில் என்னை அதட்டக்கூடிய ஒரே ஆள். சபுராம்மாவை அவர் பீவி அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"சார், பீவி அம்மாவுக்கு என்னா கோளாறுன்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"தண்ணியே குடிக்கல தனம். கிட்னி அடி வாங்கியிருக்கு."

"ஏன் குடிக்கல?"

"நோன்பு இருக்காங்க."

"ட்ரிப்ஸ் ஏத்திக்கினு என்னா நோன்பு சார்? தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். சோறு தின்னா ரெண்டுக்குப் போவணும். போனா கழுவணும். எந்தக் கையால கழுவுவாங்க?"

கையிலிருந்த கேஸ் ஷீட்டை மூடினேன்.

"நீங்க கைய பின்னால சாச்சி ஒட்டி வச்சிட்டீங்க. அது முன்னாலயும் எட்டல, பின்னாலயும் எட்டல. நான் கழுவி உடறப்ப அந்த அம்மா செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு அழுவுறாங்க. மூணு நாளா பாக்குறேன்."

"வலது கையால..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அந்தக் கையாலயா கழுவுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டாவதாக வந்தது சந்தேகம். அவ்வளவு சின்னச் சாய்வு, அதனால் அப்படி என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. அன்று சனிக்கிழமை. மதியம் பிளாஸ்டர் அறைக்குப் போய், சபுராம்மாவின் கைக்கு நான் வைத்த அதே கோணத்தில் என் இடது மணிக்கட்டுக்குப் பிளாஸ்டர் போடச் சொன்னேன். பிளாஸ்டர் போடுகிறவர் "வழுக்கி உழுந்துட்டீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், அதுவும் பொய்யில்லை.

முதல் தடவை தோளை அப்படியும் இப்படியும் திருகி ஒரு வழியாகச் சமாளித்துவிட்டேன். பார்த்தாயா, முடிகிறதே என்று சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் கேஸ் ஷீட் நினைவுக்கு வந்தது. அந்தம்மாவுக்குத் தோள் பின்பக்கம் போகாது. முழங்கை நீளாது. மனைவியைக் கூப்பிட்டு, ஒரு பழைய புடவையால் என் மேற்கையை விலாவோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அவள் கட்டினாள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேல?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு கழிவறைக்குள் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. கடைசியில் அவளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவள். ஆனாலும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, நாலு மணிக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னேன் என்று புரிந்தது. அன்று வெயில் கொளுத்தியது. நான் காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தேன், யாரும் சொல்லாமல், நானாக எதுவும் முடிவு செய்யாமலே. சபுராம்மா அப்படி ஆறு மாதம் இருந்திருக்கிறார். உட்கார்ந்து அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை, எனக்கு அறுவை கற்றுக்கொடுத்த பேராசிரியருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று வெளியூரில் இருந்தார். எல்லாம் சொன்னேன். ஒட்டிய எலும்பை மறுபடி வெட்டி, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் சாய்த்து ஒட்டப் போகிறேன் என்றேன். ஸ்டீராய்டு தின்று தின்று எலும்பு சுண்ணாம்பாக இருக்கும் என்றும் சொன்னேன்.

"இது யாருக்காகப் பண்ற ஆபரேசன்?" என்று கேட்டார். "அந்த அம்மாவுக்கா, உனக்கா?"

யோசித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும்தான் சார்" என்றேன்.

"அப்ப இன்னும் கத்தியத் தொடாத. மொதல்ல போய் உன் தப்பச் சொல்லு. சொல்லிட்டு சும்மா உக்காரு. உனக்கு அது வராது, இருந்தாலும் உக்காரு."

நம்மைப் போன்ற ஆட்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. தப்பு தெரிந்த உடனே கை பரபரக்கும். அதைச் சரி செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று தோன்றும். நம் மனசை லேசாக்க நோயாளியின் எலும்பை வெட்டக் கூடாது. இதை அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த வாரமே வெட்டியிருப்பேன்.

அன்றே, ஜெய்னபுவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, தனத்தைக் கூட வைத்துக்கொண்டு சபுராம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் கையில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"கையில என்னா டாக்டர்?"

"உங்களுக்கு வெச்ச கோணம்தாம்மா. நேத்து முழுக்க போட்டிருந்தேன். தப்பு என்னோடது. ஒட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நான் கேட்டிருக்கணும்."

சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். பேராசிரியர் சொன்னது சரிதான், எனக்கு அது வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சபுராம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசினார்.

"நீங்க வலிய எடுத்தீங்க. வலி போயிடிச்சி. அதுக்கு மேல இதப் போயி ஒரு ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? மவகிட்ட சொன்னா கழுவி உடுவா. கட்டிக் குடுக்க வேண்டிய புள்ள, அவளப் போயி நான் எப்படிக் கேப்பேன்? அதான் நோன்புன்னு சொல்லிட்டேன். பொய் நோன்பு. அந்தப் பாவம் வேற ஏறிக்கிச்சி."

"தொழுகைய ஏம்மா உட்டுட்டீங்க?" என்று தனம் கேட்டார்.

"ஒடம்பு சுத்தமில்லாம எப்படித் தனம் பாயில நிக்கிறது? கை கால் மூஞ்சி கழுவி ஒளு செஞ்சாலும் மனசு ஒப்பல. முடியாதவங்களுக்குச் சலுகை இருக்குன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு. இருக்கு. ஆனா கை இருக்கே. கைய வெச்சிக்கிட்டு எனக்குச் சலுகை கேக்க வாய் வரல."

வீட்டில் வெஸ்டர்ன் கழிவறை வைத்து, தண்ணீர் பீய்ச்சும் பைப் ஒன்று போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"வீட்ல சரி. நாளைக்கு இவ மாமியார் வீட்டுக்குப் போனா? சாவு உழுந்த ஒரு மையத்து வீடு, ஒரு கல்யாண வீடுன்னா? அங்கெல்லாம் பைப்பத் தூக்கிட்டா போவ முடியும்?"

தனம் சிரித்தார். சபுராம்மாவும் லேசாகச் சிரித்தார். பிறகு நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். எலும்பு ரொம்ப மெலிசு. இரண்டாம் தடவை வெட்டினால் ஒட்டாமல் போகலாம், புண் சீழ் பிடிக்கலாம். ஒட்டினாலும் பிடியின் வலு குறையும்.

"ஒட்டாமப் போனா வலி திரும்ப வருமா?"

"வரும்."

அவர் இடது கையை மடியில் வைத்து வலது கையால் தடவிக்கொண்டே இருந்தார். நான் குறுக்கே பேசவில்லை.

"அஞ்சு நாளா தனம் கழுவி உடுறா. ஒரு நாளும் மூஞ்சிய சுளிக்கல. அவளுக்கு அல்லாஹ் நல்லது செய்யணும். ஆனா எனக்கு என் கை வேணும் டாக்டர்."

அதற்குப் பிறகு எனக்குக் குழப்பம் இல்லை. சிறுநீரகம் தேறி, மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கி, வலது கை வீக்கம் தணிந்து, உடம்பில் கொஞ்சம் சதை பிடிக்கும்வரை மூன்று மாதம் காத்திருந்தோம். அதுவரை தினமும் அம்மாவுக்கு உதவப் போவது தான்தான் என்று ஜெய்னபு ஒரே பிடியாக நின்றாள். விஷயம் தெரிந்ததும் அவள் அம்மாவிடம் சண்டை போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

இதற்குள் இன்னொரு வேலை இருந்தது. எவ்வளவு உள்ளே சாய்த்தால் போதும்? சபுராம்மாவின் கை ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, அதில் பரிசோதிக்க முடியாது. தனம் ஏறக்குறைய அதே உயரம், அதே கனம். தானாகவே கையை நீட்டினார். தோளையும் முழங்கையையும் சேர்த்துக் கட்டி, மூன்று வாரங்களில் மூன்று கோணத்தில் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் வந்து அறிக்கை கொடுப்பார்.

"இது பத்தல சார். விரல் எட்டுது, உள்ளங்கை எட்டல."

"இது ஜாஸ்தி. கழுவ நல்லாத்தான் இருக்கு, சொம்பப் புடிச்சா நழுவுது."

மூன்றாவதுக்கு, "இது சரி. இதுல ரெண்டுமே ஆவுது. ஆனா சோறு வடிக்க முடியல, எங்க ஊட்டுக்காரரு ரெண்டு நாளா வடிச்சாரு. இன்னும் ஒரு வாரம் வேணா போடுங்க" என்றார்.

அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். எலும்பை வெட்டும்வரை எல்லாம் சரியாக நடந்தது. வெட்டிய பிறகு உள்ளே சாய்த்துப் பார்த்தால் எலும்பும் எலும்பும் ஓரத்தில் மட்டும்தான் தொட்டன. நடுவில் இடைவெளி. பிளேட்டை வைத்து ஸ்குரூவைத் திருகினால் ஈர மண்ணில் ஆணி அடித்த மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. கையில் ரத்தம் வராமல் கட்டியிருக்கும் பட்டையை எப்போது அவிழ்க்க வேண்டும் என்று மயக்க மருத்துவர் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு உதவிக்கு நின்ற டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"சார், பழைய ஆங்கிள்ல வெச்சா முழுசா உக்காருது. பிளேட் புடிக்கும். ஒட்டுறது கேரண்டி."

அவர் சொன்னது தப்பில்லை. பழைய கோணத்தில் வைத்தால் நான் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். முயற்சி செய்தேன், எலும்பு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடலாம். சபுராம்மா நம்புவார், யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு கதவு திறந்திருக்கும் நேரம் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். என் கை பழைய கோணத்தின் பக்கம் போனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த எலும்பு நன்றாக ஒட்டிய நாளிலிருந்துதான் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

பட்டையை அவிழ்க்கச் சொன்னேன். பிளேட்டை ஓரமாக வைத்தேன். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து இடைவெளியை நிரப்பி, தனம் சரி என்று சொன்ன கோணத்தில் மூன்று கம்பிகளைக் கோத்து, பிளாஸ்டர் போட்டு வெளியே வந்தேன். பார்க்க அழகாக இல்லை. அந்த எக்ஸ்ரேயை எந்தக் கூட்டத்திலும் போட்டுக் காட்ட முடியாது.

ஆறாவது வாரம் எலும்பு ஒட்டியதற்கான அறிகுறியே இல்லை. பத்தாவது வாரமும் இல்லை. ரயில் பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்த சமயம் அது. சபுராம்மாவும் ஜெய்னபுவும் பரங்கிப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கடலூர் வருவார்கள். நான் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நாள்" என்பேன். "ஆவட்டும் டாக்டர்" என்பார் சபுராம்மா. ஜெய்னபு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் நான் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பதினெட்டாவது வாரம் மெல்லிசாக ஒரு பாலம் தெரிந்தது. ஆறாம் மாதம் ஒட்டிவிட்டது. கம்பிகளை எடுத்து, பிளாஸ்டரைப் பிரித்து அனுப்பினேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஓய்வு பெற்ற 2012 வரைக்கும், பிளாஸ்டரில் பத்து நாள் வாழ்ந்து பார்க்காத எந்த மணிக்கட்டையும் நான் ஒட்டவில்லை. எந்தக் கையால் சாப்பிடுவீர்கள், எந்தக் கையால் கழுவுவீர்கள், வீட்டில் கழிவறை எப்படி என்று கேட்காமல் தேதி கொடுத்ததும் இல்லை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த, முந்திரி உடைக்கும் ஒரு பெண் பத்து நாள் பிளாஸ்டரோடு இருந்துவிட்டு, "இதுக்கு அந்த வலியே தேவல சார், கொட்டைய புடிக்கவே முடியல" என்று திரும்பி வந்தார். அவருக்கு அறுவையே செய்யவில்லை, மருந்தும் மணிக்கட்டுப் பட்டையுமாக ஓட்டினோம். கூடவே இருந்த இளம் டாக்டர்களுக்கு நான் இப்படிக் கேட்பது சிரிப்பாக இருந்திருக்கும். எலும்பு டாக்டரா, கக்கூஸ் டாக்டரா என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி பிளாஸ்டரைப் பிரித்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சபுராம்மா சிதம்பரம் கிளினிக்குக்கு வந்தார். ஜெய்னபுவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கையைப் பார்த்தேன். வீக்கமில்லை, அழுத்தினால் வலியில்லை. செம்பைப் பிடித்துக் காட்டினார். முன்பு இருந்த வலு இல்லை, ஆனால் நழுவவில்லை. அடுத்ததாக நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அத்தனை நடந்த பிறகும் எனக்குக் கூச்சம். அந்தக் கேள்வியைத் தனம் இல்லாமல் நான் அவரிடம் கேட்டதே இல்லை. சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு, குனிந்து மாத்திரை பெயரை எழுதிக்கொண்டே கேட்டேன்.

"உங்க வேலைய நீங்களே செஞ்சிக்க முடியுதாம்மா?"

பதில் வரவில்லை. எழுதி முடித்துவிட்டேன்.

"எழுதிக்கிட்டே கேக்குறீங்களே டாக்டர்" என்றார் சபுராம்மா. "என்னயப் பாத்துக் கேளுங்க, சொல்றேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் முகத்தை நான் அன்றுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. மறுபடி கேட்டேன், அதே கேள்வியை, முழுதாக.

"முடியுது" என்றார். "நானே செஞ்சிக்கிறேன். அஞ்சு வேளையும் தொழுறேன்."

அவர் சீட்டை எடுத்து மடித்து இடது கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஆளைக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.